ஃபைட்டிங் கேமில் ஒரு டெக்னிக் போடக் கஷ்டம் என்பதற்காக அதற்கு எவ்வளவு பலம் கொடுக்கலாம்?

கேட்டவர் 2டி ஃபைட்டிங் கேம் ஒன்றை உருவாக்குகிறார். ஒரு கேரக்டரின் மூவுக்கு, சரியாக ஒரே ஃபிரேமில் (திரையில் ஓடும் ஒரே ஒரு படத்தின் நேரத்தில்) பட்டனை அழுத்தினால் மட்டும் வருகிற பலமான வடிவம் ஒன்று வைத்திருக்கிறார். ஆடிப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அதைத் தொடவே இல்லையாம். மீதிப்பேர் அதைத் தவிர வேறெதையும் போடவில்லையாம்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். போடக் கஷ்டமாக இருப்பதையே அந்த மூவின் விலையாக வைத்திருக்கிறீர்கள். கை பழகப் பழக அந்த விலை இறங்கிக்கொண்டே போகும், பலம் மட்டும் அப்படியே நிற்கும். விலை மேட்ச்சுக்குள் இருக்க வேண்டும்: கேஜ் (ஆட ஆட நிரம்பி, பலமான மூவுக்குச் செலவாகும் அளவு), தூரம், தவறவிட்டால் அசைய முடியாமல் நிற்கும் ஃபிரேம்கள், இப்படி எதிராளி கைவைக்கக்கூடிய ஏதாவது ஒன்றில்.

டெக்கன் என்ற ஃபைட்டிங் கேமில் மிஷிமா குடும்பக் கேரக்டர்களின் எலெக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட் என்ற குத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன், நியூட்ரல் (எந்தத் திசையும் அழுத்தாமல் விடுவது), கீழ், கடைசியில் கீழ்-முன்னும் வலது குத்தும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். விழுந்தால் எலெக்ட்ரிக். குத்து பிந்தினால் சாதா விண்ட் காட் ஃபிஸ்ட். டெக்கன் 7-ல் அந்தக் குடும்பத்து கசுயாவின் எலெக்ட்ரிக்கை எதிராளி பிளாக் செய்தாலும் கசுயாவுக்கே +5, அதாவது எதிராளியைவிட 5 ஃபிரேம் முன்னதாக அவர் அசையலாம். சாதாவை பிளாக் செய்தால் −10, அதாவது 10 ஃபிரேம் பிந்தித்தான் அசையலாம். அந்த கேமில் பொதுவான ஜேப் (வேகமான சிறு குத்து) 10 ஃபிரேமில் வரும், ஆகவே −10 என்றால் உறுதியாக ஒரு அடி வாங்கியாக வேண்டும். சரியாகப் போட்டதற்கும் தவறியதற்கும் இடையில் 15 ஃபிரேம். பட்டால் எதிராளியைத் தூக்கிவிடும், அங்கிருந்து முழு காம்போ (எதிராளி தப்ப முடியாத தொடர் அடிகள்).

இவ்வளவு இருந்தும் இது கேமைக் கெடுக்கவில்லை. கஷ்டம்தான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் நல்ல மிஷிமா ஆட்டக்காரர்களுக்கு எலெக்ட்ரிக் தண்ணி பட்ட பாடு. உண்மையில் கட்டுக்குள் வைப்பது, அது ஹை அடி, அதாவது தலை உயரத்தில் வரும் அடி என்பது. குனிந்தால் தலைக்கு மேலே போய்விடும், குனிந்தவர் எழும்போதே தூக்கி அடிக்கலாம். பக்கவாட்டில், அதுவும் சரியான பக்கமாக நகர்பவரிடமும் எளிதில் தவறும். உலகிலேயே சுத்தமான எலெக்ட்ரிக்கைப் போட்டாலும் இந்த இரண்டும் மாறாது. உங்கள் மூவுக்கு இப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டேமேஜ் எண்களைத் திருகுவதில் பயனில்லை.

இனி கணக்கு. எளிய காம்போ 250 டேமேஜ், தவறாது என்று வையுங்கள். கடினமானது 320. நடுவில் தவறினால் 120-உடன் நின்றுவிடும், எதிராளி திருப்பி அடித்து 150 எடுப்பார், நிகரம் −30. 10-க்கு 8 முறை சரியாகப் போடுபவருக்கு 2560 கழித்தல் 60, அதாவது 2500. எளியதை 10 முறை போட்டாலும் அதே 2500. இதுதான் சமநிலைப் புள்ளி. 7 முறை மட்டும் போடுபவருக்கு 2150, அவர் எளியதோடு நிற்பதே புத்திசாலித்தனம். 20-க்கு 19 போடுபவருக்கு 6050, எளியதில் கிடைப்பது 5000.

இந்த 21 சதவீத லாபம் அதிகம் என்று தோன்றினால், பலர் செய்வது தவறியதற்கான தண்டனையைக் கூட்டுவது. 150-ஐ 250 ஆக்கிப் பாருங்கள். 19 முறை போடுபவருக்கு 6050 வெறும் 5950 ஆகும், ஒரு கீறல்கூட இல்லை. 8 முறை போடுபவர் 2500-லிருந்து 2300-க்கு விழுவார். நேர அளவை இன்னும் இறுக்கினாலும் இதே கதைதான்: அடி நடுத்தர ஆட்டக்காரருக்கு, தொல்லை கொடுத்தவர் தப்பிவிடுவார். அதனால் சரியாகப் போட்டாலும் ஒரு செலவு இருக்கட்டும். கேஜில் கால் பங்கு போகட்டும், அல்லது காம்போ முடிவில் எதிராளி தொலைவில் விழுந்து அழுத்தம் கலையட்டும்.

அடுத்து, கஷ்டம் எந்த வகை என்று பாருங்கள். எலெக்ட்ரிக் மாதிரி இரண்டு உள்ளீடுகள் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும் என்று கேட்டால், ஆட்டக்காரர் கையில் இல்லாத ஒரு அதிர்ஷ்டம் உள்ளே வருகிறது. 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.67 மில்லிசெகண்ட். இரண்டு விரலுக்கும் 5 மில்லிசெகண்ட் இடைவெளி விழுந்தால், ஏறக்குறைய 30 சதவீத நேரம் ஃபிரேமின் எல்லை நடுவில் விழுந்து இரண்டும் தனித்தனியாகப் பதிவாகும். அதே கை, அதே வேகம், விளைவு மட்டும் வேறு. லீவர் இல்லாத பட்டன் பெட்டியில் இந்த இடைவெளியைச் சுருக்குவது எளிது, அப்போது பேலன்ஸ் எந்தக் கன்ட்ரோலர் வாங்கினார் என்பதைப் பொறுத்துப் போய்விடும். உங்கள் இடத்தில் நான் 2 ஃபிரேம் கொடுத்துவிட்டு, குறையும் கஷ்டத்துக்கு ஈடாக மூவின் பலத்தைக் கொஞ்சம் இறக்குவேன்.

இன்னொன்று, கேமில் பொதுவான இன்புட் பஃபர் (சீக்கிரம் அழுத்தியதைச் சில ஃபிரேம் நினைவில் வைக்கும் வசதி) இருந்தால் அந்த மூவுக்கு மட்டும் அதை அணைக்க வேண்டும். 3 ஃபிரேம் பஃபர் ஓடும்போது ஒரு ஃபிரேம் லிங்க் (ஒரு அடி முடிந்ததும் அடுத்ததை ஒரே ஃபிரேமில் தொடுப்பது) என்று எழுதிவைப்பது வெறும் காகிதக் கணக்கு, சீக்கிரம் அழுத்தியதெல்லாம் சரியான ஃபிரேமில் தானாக வந்து நிற்கும். பஃபர் இல்லாவிட்டாலும் வழி கண்டுபிடிப்பார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் வேண்டிய பட்டனை அழுத்தி அடுத்த ஃபிரேமில் அதைவிட லேசான பட்டனைத் தட்டினால், முதல் பட்டன் மறுபடி பதிவாகும். பிளிங்க் என்ற அந்த வித்தை ஒரு ஃபிரேமை இரண்டாக்கியது. கடினமாக வைத்ததை ஆட்டக்காரர்கள் தாங்களே எளிதாக்கிக்கொண்டார்கள்.

முடிவெடுக்க எதுவுமே இல்லாத கஷ்டத்தைத் தூக்கி எறியுங்கள். 2001-ல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலேயில் எல்-கேன்சல் உண்டு: வான் அடிக்குப் பிறகு தரை தொடுமுன் 7 ஃபிரேமுக்குள் ஷீல்டு பட்டனை அழுத்தினால் இறங்கிய பிறகான தாமதம் பாதியாகும். வேண்டாம் என்று சொல்ல ஏறக்குறைய ஒரு காரணமும் கிடையாது. அடி பட்டதா, காற்றில் போனதா என்பதைப் பொறுத்து நேரம் சற்று மாறும், அந்த அளவுக்குத்தான் அதில் ஆட்டம். மெலே ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அதே கேமின் வேவ்டேஷ் (வானில் தப்பும் அசைவைத் தரை நோக்கிப் போட்டு வழுக்கிச் செல்வது) வேறு ரகம். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், எப்போது என்று ஒவ்வொரு முறையும் தேர்வு இருக்கிறது, அது கஷ்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எளிதாக்கும்போதும் கவனம் தேவை, ஏனென்றால் சில உள்ளீடுகளுக்குள் ஒரு விலை மறைந்திருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மேலே எழும்பி அடிக்கும் ஷோர்யுகென் குத்தின் அசைவு முன்பக்கம் அழுத்துவதில் தொடங்குகிறது. பிளாக் செய்யப் பின்பக்கம் அழுத்த வேண்டும், ஆகவே அந்த நேரத்தில் பிளாக் கிடையாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் மாடர்ன் கன்ட்ரோல் என்ற எளிய முறையில் முன்பக்கத்தோடு ஒரே பட்டனை அழுத்தினாலே அது வரும்போது, பின்பக்கம் அழுத்தியபடியே காத்திருந்து கடைசி நொடியில் போடலாம். பதிலுக்கு அந்த கேமை உருவாக்கிய கேப்காம் 20 சதவீத டேமேஜைக் குறைத்தது. காம்போவில் அது நியாயமான விலை. குதித்து வருபவரை அடித்து இறக்கும்போது அவ்வளவு நியாயமில்லை, அங்கே டேமேஜைவிடத் தவறாமல் வருவதுதான் பெரிய லாபம். உங்கள் கேமில் குறுக்குவழி கொடுத்தால் டேமேஜைத் தொடாமல் ஸ்டார்ட்அப்பில் (அழுத்தியதிலிருந்து அடி படும் வரையான நேரத்தில்) ஓரிரு ஃபிரேம் சேர்த்துப் பாருங்கள்.

சோதிக்கும்போது வெற்றி சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு ரேங்க்கிலும் அந்த மூவை எத்தனை முறை முயன்றார்கள், எத்தனை முறை வந்தது, வந்த பிறகு ரவுண்டு யாருக்குப் போனது என்று மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். கீழே முயற்சியே இல்லையென்றால் டேமேஜைக் கூட்ட வேண்டாம். ட்ரெயினிங் மோடில் எத்தனை ஃபிரேம் முந்தினார், பிந்தினார் என்று காட்டுங்கள், அதுவே போதும். மேலே முயற்சியும் வெற்றியும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் பலத்தைக் குறைக்க வேண்டியதுதான், நேர அளவை அல்ல. இந்த எண்களை ஆன்லைன் மேட்ச்சுக்கும் ஒரே அறை மேட்ச்சுக்கும் தனியாகப் பிரித்து வையுங்கள். ஆன்லைனில் ரோல்பேக் (எதிராளியின் உள்ளீட்டை முன்கூட்டி ஊகித்து, தவறினால் பின்சென்று திருத்தும் முறை) ஓடும்போது எதிராளியின் அசைவு சில ஃபிரேம் தாவித் தெரியும், கண்ணால் பார்த்து நேரம் பிடிக்கும் டெக்னிக்குகள் அங்கே முதலில் அடிபடும்.