"உங்க அம்மா யூதரா?"

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி வளாகத்தில் யூத மாணவர்களோடு வேலை செய்யும் ஃபெல்லோஷிப்பில் சேர்ந்தால் முதல் வருடம் எப்படி இருக்கும்?

சேர்ந்தது நானில்லை, என் மகள். நான் திருநெல்வேலிக்காரி, கணவர் அமெரிக்க யூதர். டிகிரி முடித்த கையோடு 2023 ஆகஸ்டில் ஹில்லெல் அமைப்பின் ஸ்பிரிங்போர்டு ஃபெல்லோஷிப்பில் இரண்டு வருடத்துக்குச் சேர்ந்தாள். 1923-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிற யூத மாணவர் அமைப்பு அது. சம்பளத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

என்ன வேலை என்று கேட்டால் "காபி குடிக்கிறதும்மா" என்பாள். நிஜமாகவே அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்குகிற யூத ஓய்வுநாளான ஷபாத்தின் விருந்துக்குத் தானாக வருகிற பிள்ளைகள் எப்படியும் வந்துவிடுவார்கள். வராதவர்களைத் தேடிப் பிடித்து, தனித்தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். நிறைய பேர் பதிலே போட மாட்டார்கள். முதல் மாதம் போனில் அழுதாள்.

சேர்ந்த சூட்டோடு பண்டிகைகள் வேறு. அந்த வருடம் செப்டம்பர் 15 சாயங்காலம் யூதப் புத்தாண்டு. பத்தாம் நாள் யோம் கிப்பூர், தண்ணீர்கூடக் குடிக்காமல் 25 மணி நேர விரதம். அன்றைக்குப் பார்த்துப் பரீட்சை வைக்கிற பேராசிரியருக்கு எப்படி மெயில் எழுதுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இவள் பாடுதான். டிசம்பரில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் அதற்கு 18 நிமிடம் முன்னால் ஷபாத் விளக்கேற்ற வேண்டும். பாதிப் பேர் வகுப்பில் இருப்பார்கள்.

அவளை உண்மையில் உலுக்கியது ஒரு மாணவன் சாதாரணமாகக் கேட்ட கேள்வி: "உங்க அம்மா யூதரா?" பழைய சட்டப்படி தாய் வழியில்தான் யூதர். அமெரிக்காவில் ரிஃபார்ம் என்கிற தாராளப் போக்குள்ள பிரிவோ, அப்பா யூதராக இருந்து பிள்ளையை அப்படியே வளர்த்தாலும் போதும் என்று 1983-ல் ஏற்றுக்கொண்டது. பழைய சட்டத்தை விடாத ஆர்த்தடாக்ஸ்காரர்கள் இன்றைக்கும் ஏற்பதில்லை. அதாவது, என் மகளை யூதர் என்றே எண்ணாத சிலருக்கும் சேர்த்துத்தான் அவள் வேலை செய்ய வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அவளோ கொஞ்ச நாளில் அதையே பிடித்துக்கொண்டாள். "நான் பாதிதான், எனக்கு அங்க என்ன வேலை" என்று ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள் எக்கச்சக்கம். அவர்களிடம் "நானும் அப்படித்தான்" என்று அவளால் சொல்ல முடிந்தது.

ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய அக்டோபர் 7-க்குப் பிறகு எல்லாமே மாறியது. கட்டட வாசலில் காவலர் நின்றார். இஸ்ரேலில் சொந்தங்களைப் பறிகொடுத்தவளும், காஸாவில் சாகிற குழந்தைகளை நினைத்துத் தூங்காதவனும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த மாதங்களில் அவள் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

என் கூத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குச் சொல்லாமல் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் புளியோதரை கொண்டுபோனேன். யூத உணவு விதிப்படி கறியோடு பால் சேரக்கூடாது என்று தெரியும், அதனால் நெய்யே தொடாமல் நல்லெண்ணெயில் தாளித்திருந்தேன். சமையலறைக் கண்காணிப்பாளர், மஷ்கியாக் என்பார்கள், ரொம்பத் தன்மையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தப் பாத்திரத்தில் செய்தீர்கள்?" அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. விரதச் சமையலுக்கு என் ஆச்சி தனிச் சட்டி வைத்திருப்பாள். மீன் சட்டி அந்தப் பக்கமே வரக்கூடாது. என் வீட்டிலோ எல்லாவற்றுக்கும் ஒரே குக்கர்.

தூக்குவாளி உள்ளே போகவில்லை. மகள் வெளியே வந்து கார் பானெட்டின்மேல் வைத்துத் திறந்தாள். அவள் வாரக்கணக்காகக் காபிக்குக் கூப்பிட்டும் நழுவிக்கொண்டிருந்த பையன் ஒருவன், அந்த வழியாகப் போனவன், வாசனைக்கு நின்றான். இரண்டு தட்டு சாப்பிட்டான். அடுத்த வாரம் விருந்துக்கு வந்தானா என்றால், இல்லை. ஆனால் காபிக்கு வந்தான்.

இப்போதெல்லாம் அங்கே போனால் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போகிறேன். வெட்டாத முழுப் பழத்துக்கு யாரும் பாத்திரம் கேட்பதில்லை.