நகோயாவின் சி.பி.சி. டிவி: கேள்வி பதில்

ஜப்பானின் முதல் தனியார் டிவி சி.பி.சி.தான் என்று ஒருவர் சொன்னார். சரியா சார்?

பாதி சரி. அது முந்திக்கொண்டது வானொலியில். 1951 செப்டம்பர் 1 காலை 6.30க்கு ஜே.ஓ.ஏ.ஆர். என்ற அழைப்புக்குறியோடு நகோயாவில் பேசத் தொடங்கியது. ஒசாகாவின் தனியார் வானொலி அன்று நண்பகலில்தான் வந்தது. காலை 7 மணிக்கு செய்கோஷா கடிகார நிறுவனத்தின் பெயரில் நேரம் அறிவித்தார்களே, நாட்டின் முதல் வானொலி விளம்பரம் அதுதான்.

டிவியில் முதலிடம் டோக்கியோவின் நிப்பான் டிவிக்கு, 1953 ஆகஸ்ட் 28. சி.பி.சி. டிவி 1956 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. ஒசாகா டிவிக்கும் அதே நாள்தான். டோக்கியோவுக்கு வெளியே தனியார் டிவி என்று வந்தவற்றில் இந்த இரண்டும்தான் முதல்.

பழைய அனலாக் காலத்தில், 1 முதல் 12 வரை எண்ணுள்ள வி.எச்.எஃப். பட்டையில், நகோயா சேனல்கள் 1, 3, 5, 9, 11. நடுவில் உள்ள எண்களை ஏன் விட்டார்கள்?

ஒரு சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ். சி.பி.சி.யின் 5ஆம் சேனல் 176 முதல் 182 வரை, படம் 177.25இல், ஒலி 181.75இல். ஆறாம் சேனலின் படம் 183.25இல் வரும். இடைவெளி 1.5 மெகாஹெர்ட்ஸ்தான். அந்தக் காலத்துப் பெட்டிகளால் அதைப் பிரிக்க முடியாது, பக்கத்துச் சேனலின் ஒலி படத்தில் கோடுகளாக இறங்கிவிடும். அதனால் ஒரே ஊரில் அடுத்தடுத்த எண் தருவதில்லை.

டோக்கியோவில் 3, 4 இரண்டும் இருந்ததே என்று கேட்பீர்கள். எண்தான் அடுத்தது, 3ஆம் சேனல் 108இல் முடிகிறது, 4 தொடங்குவது 170இல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 4 முதல் 12 வரை 9 சேனல்களுக்கு 54 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், கையில் இருந்ததோ 170 முதல் 222 வரை 52தான். ஆகவே 7ஆம் சேனலும் 8ஆம் சேனலும் 2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன.

ஒசாகாவில் நிலையங்கள் ஜோடி மாறிக் கோத்துக்கொண்ட "குடல் முறுக்கு" நகோயாவிலும் உண்டா?

அதே மாதிரி இல்லை. ஒசாகாவில் மைனிச்சி நாளிதழ் சார்ந்த நிலையம் போட்டி நாளிதழான அசாஹி பக்கத்து டோக்கியோ நிலையத்தோடும், அசாஹி சார்ந்தது மைனிச்சி பக்கத்து டோக்கியோ நிலையமான டி.பி.எஸ்.ஸோடும் கோத்திருந்தன. 1975 மார்ச் 31 அன்று மாற்றிக்கொண்டார்கள். நகோயாவில் சி.பி.சி. 1959இல் உருவான ஜே.என்.என். செய்திக் கூட்டமைப்பில் டி.பி.எஸ்.ஸோடு சேர்ந்தது, இன்றும் அங்கேதான். குழப்பம் நகோயா டிவி என்ற இன்னொரு தனியார் நிலையத்துக்கு: 1973 வரை நிப்பான் டிவி, அசாஹி பக்கத்து நிலையம் என்ற இரண்டு டோக்கியோ நிலையங்களின் நிகழ்ச்சிகளையும் கலந்து ஓட்டியது.

டோக்கியோ நிகழ்ச்சிகளை அப்படியே ஓட்டினால் சொந்தமாக என்ன மிச்சம்?

"கியூப்பி 3 நிமிடச் சமையல்" பாருங்கள். சி.பி.சி. 1962 டிசம்பரில் தொடங்கியது. அடுத்த மாதம் நிப்பான் டிவி தன் பதிப்பைத் தொடங்கியது. மயோனைஸ் நிறுவனம் ஒன்றே, தலைப்பு ஒன்றே, தயாரிப்பும் சமையல் குறிப்புகளும் மட்டும் வேறு வேறு. "கோகோசுமா" என்ற மதிய நிகழ்ச்சி 2013இல் நகோயாவில் பிறந்து 2015இல் டோக்கியோவுக்கே ஏறியது. என் கணக்கில் பெரிய சாதனை இதுதான், வழக்கமாக நிகழ்ச்சிகள் ஓடுவது எதிர்த்திசையில்.

டிஜிட்டலுக்கு மாறியபோது கூரை ஆன்டெனா என்ன ஆனது?

நகோயாவில் டிஜிட்டல் தொடங்கியது 2003 டிசம்பர் 1. அனலாக் 2011 ஜூலை 24 நண்பகலில் நின்றது. நைட்டோ தச்சூ வடிவமைத்து 1954இல் கட்டி முடித்த 180 மீட்டர் நகோயா டிவி கோபுரத்துக்கு அந்த வேலை முடிந்தது. டிஜிட்டல் அலை வருவது வடகிழக்கே செட்டோ கோபுரத்திலிருந்து.

சி.பி.சி. இப்போது யு.எச்.எஃப். என்ற இன்னும் உயர்ந்த அலைவரிசைப் பட்டையில் 18ஆம் சேனல், 500 முதல் 506 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய நீளக்கம்பி வி.எச்.எஃப். ஆன்டெனாவுக்கு இது எட்டாது. யு.எச்.எஃப். ஆன்டெனா இருந்தாலும் செட்டோ பக்கம் திருப்ப வேண்டும். திருப்பும்போது படத்தைப் பார்த்துக்கொண்டு திருப்பாதீர்கள். அனலாகில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், அதை வைத்தே திசை பிடிக்கலாம். டிஜிட்டலில் கடைசிவரை படம் பளிச்சென்று இருக்கும், பிறகு கட்டம் கட்டமாக உடைந்து கருத்துவிடும். பெட்டியின் மெனுவில் சிக்னல் அளவு எண்ணாகத் தெரியும், அது உச்சம் தொடும் இடத்தில் திருகை இறுக்குங்கள். ரிமோட்டில் அழுத்துவது பழைய 5தான், திரையில் 051 என்று வரும்.