காட்பாடி வீட்டு வாசலில் ஒரு பாய்மரப் படகு: வாங்கலாமா?

கேள்வி: வயது 61. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காட்பாடியில் சொந்த வீடு, கடன் இல்லை. ஓய்வூதியம் மாதம் 5,000 ரூபாய். எட்டு மாதத்துக்கு முன் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 25 லட்சம் போட்டேன். வங்கி டெபாசிட்டில் 8 லட்சம் இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 17,000. மெடிக்கல் பாலிசி எதுவும் இல்லை. சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் பழைய ஹோபி 16 கேட்டமரான் (இரட்டை உடல்) பாய்மரப் படகு ஒன்று 1,80,000 ரூபாய்க்கு வருகிறது. அதைப் பழுதுபார்க்க அங்கேயே ஒரு பட்டறையில் 1,50,000 கேட்கிறார்கள். சரிசெய்து வைத்தால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் நண்பர். சேமிப்புத் திட்டத்திலிருந்து 4 லட்சம் எடுக்கலாமா, நகைக்கடன் வாங்கலாமா? மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. - வாசகர், காட்பாடி

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் படகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சேமிப்புத் திட்டத்தில் கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடம் முடியும் முன் மூடினால் வட்டி கிடையாது. இதுவரை வாங்கிய வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் வருகிறதே, உங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான். நகைக்கடன் விஷயத்தில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நகை யாருடையது? இஷ்டமில்லாதவரின் நகையை வைத்துப் படகு வாங்கினால் வட்டியைவிடப் பெரிய செலவு வரும்.

வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்து மாதம் சுமார் 22,000. செலவு போக 5,000 மிஞ்சுகிறது. முதலில் அதிலிருந்து இருவருக்கும் மெடிக்கல் பாலிசி எடுங்கள். சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் வேலூர்க்காரர்கள் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பக்கத்தில் இருப்பதால் பஸ் செலவுதான் மிச்சம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு வசதி.

அடுத்து டெபாசிட். ஐந்தரை லட்சத்தை அவசரத் தேவைக்கென்று தொடாமல் வையுங்கள். மீதி இரண்டரை லட்சம்தான் படகுக்கு. விலை, லாரி, ரெசின் (ஃபைபரை ஒட்டும் பசை), கயிறு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நீங்கள் சொல்லும் கணக்கோ லாரி வாடகை சேர்க்காமலே 3,30,000 வருகிறது.

குறைக்க வேண்டிய இடம் அந்தப் பட்டறைக் கூலி. நீங்கள் ஃபிட்டர். கூலி கொடுத்து இன்னொருவரை வேலை செய்யவைத்தால் பொழுதுபோக்கு அவருக்கு, செலவு உங்களுக்கு! படகின் எடை சுமார் 145 கிலோதான். உடல்களை இணைக்கும் குறுக்குக் குழாய்களைக் கழற்றினால் இரண்டு ஃபைபர் உடல்களும் தனித்தனியாக வந்துவிடும். நீளம் பதினாறரை அடி என்பதால் டாட்டா ஏஸ் போதாது, 17 அடி ஈச்சர் பிடியுங்கள். பாய்மரம் 26 அடிக்கு மேல். கேபினுக்கு மேலே நீட்டிக் கட்டி, முனையில் சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதை நிமிர்த்திப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது அலுமினியம், தெருவில் மேலே மின்கம்பி.

இரண்டு உடல்களுக்கும் நடுவில் கட்டும் வலைத்துணியை லாரி தார்ப்பாய் தைக்கும் கடைக்காரரே தைத்துவிடுவார், வெயில் தாங்கும் நூல் மட்டும் நீங்கள் வாங்கிக்கொடுங்கள். ரெசின் வேலையை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து திரும்புவதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும், அந்தக் காசு குப்பைக்குத்தான்.

மறுவிற்பனை பற்றி நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. புதுப் படகுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி வந்திருப்பதால் பழையது விலை ஏறும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். வாங்குகிற ஆள் வேண்டுமே! இந்த ரகம் உலகம் முழுக்க ஏராளமாக ஓடுவதால் உதிரி பாகம் கிடைக்கும். ஆனால் இறக்குமதி விலையில். சொந்த உபயோகப் பொருளாக வைத்திருந்தால் லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி வராது, நட்டத்தையும் எதிலும் கழிக்க முடியாது. போட்ட காசு செலவானதாகவே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. பழுதுபார்ப்பது காட்பாடியில் நடக்கும், ஓட்டுவது நடக்காது. பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். கடலுக்குப் போக வர 300 கிலோமீட்டர், அங்கே படகு நிறுத்த வாடகை, லைஃப் ஜாக்கெட் என்று அது தனிச் செலவு, பாலிசி போக மிஞ்சுவது அதற்குப் போதாது. அதனால் ஓட்ட ஆசை இருந்தால் முதலில் படகு வாங்காமலே கற்றுக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, பயிற்சி பற்றி விசாரியுங்கள். வீட்டம்மாவையும் ஒருநாள் அழைத்துப் போங்கள். அப்புறம் கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் வாடகை பாதியாகும். இல்லை, கையில் வேலை இருந்தால் போதும் என்றால், சரிசெய்து கடற்கரையில் இருப்பவருக்கே கொடுத்துவிடலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு எவர்சில்வர் ஸ்பூனோடு கோவளம் போய், மேல்தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். முன் குறுக்குக் குழாய் பொருந்தும் இடத்தைச் சுற்றி நிதானமாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். ஃபைபர் தோல் உள்ளே இருக்கும் நுரையைவிட்டுப் பிரிந்த இடம் 'பொத்' என்று கேட்கும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். உள்ளங்கை அளவு என்றால் சிறு துளைகள் போட்டு ஊசி வழியாக எபாக்சி பசை ஏற்றிச் சரிசெய்துவிடலாம். இரண்டு பக்கமும் பரவலாக அமுங்கினால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். கெட்டியாக இருந்து, பாய்மரம் வளையாமல், இரண்டு சுக்கானும் இருந்தால் 1,20,000-லிருந்து பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு ஒன்றரை லட்சம்தான் எல்லை.