கடலூரிலிருந்து ஒரு நாள்: செஞ்சியில் கூட்டமில்லாத மலை

கூட்டமில்லாத மலை, பழைய கோயில், நடுவில் டீக்கடை, சாயங்காலம் கடலூர் திரும்பணும், கூட வரும் அம்மாவுக்கு முட்டி வலி என்று கேட்டிருந்தீர்கள். செஞ்சிக்குப் போங்கள். ஆனால் செஞ்சிக் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியை விட்டுவிடுங்கள். உயரமும் படிகளும் அம்மாவுக்கு ஆகாது, விடுமுறை நாளில் கூட்டமும் அங்கேதான்.

விழுப்புரத்தில் பஸ் மாறி, வெயிலுக்கு முன்னால் செஞ்சியில் இறங்கிவிடுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கமே டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தால் சிங்கவரம் நாலைந்து கிலோமீட்டர்தான். அங்கே பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் படுத்திருக்கிறார். படிகள் உண்டு, ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

அடுத்து பக்கத்திலேயே திருநாதர்குன்று. எனக்கு இந்தப் பக்கத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரே பாறையில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. அம்மா மேலே வர முடியாவிட்டால் கீழே நிழலில் உட்காரட்டும், நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் திரும்பும்போது செஞ்சிக் கீழ்க்கோட்டையில் இருக்கும் வேங்கடரமணர் கோயில். சமதரைதான், அம்மா நிம்மதியாக நடப்பார். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் வைக்காதீர்கள். குன்றுகளுக்கு மேலே கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். சித்திரை, வைகாசியில் மட்டும் வேண்டாம், பாறை கொதிக்கும்.