நீங்கள் கட்டும் வாட்ச் எது?

போன இதழில் "கையில் என்ன வாட்ச் கட்டுகிறீர்கள், ஏன் அதையே கட்டுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தேன். நிறைய கடிதங்கள். பதிலோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பியவர்களை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

எங்களைக் கேட்டீர்களே, நீங்கள் என்ன கட்டுகிறீர்கள்? (சேலம் வாசகர்)

எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச், வெள்ளை டயல், தேதி கிடையாது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டு வைத்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு தலைமுறைக்கு, பத்தாவது பாஸ் ஆனாலும் கல்யாணம் ஆனாலும் வேலை கிடைத்தாலும், கைக்கு வந்த முதல் வாட்ச் பெரும்பாலும் இதுதான். நான் இதைக் கட்டுவதற்குக் காரணம் பழசின் மேல் உள்ள பாசம் மட்டும் இல்லை. இதைத் திறக்கலாம், கழற்றலாம், எண்ணெய் போட்டு மறுபடி ஓட்டலாம். ஜனதாவுக்குள் இருக்கிற அதே 17 ஜூவல் மிஷின்தான் (ஜூவல் என்பது தேய்மானம் குறைய உள்ளே வைக்கும் சின்னக் கல்) எச்.எம்.டி.யின் பைலட்டிலும் இன்னும் பல மாடல்களிலும் இருக்கிறது, அதனால் ஒரு பாகம் போனால் இன்னொரு பழைய வாட்சிலிருந்து எடுத்துப் போட முடிகிறது. கம்பெனியின் வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது, ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் இன்றைக்கும் இதைப் பிரித்துச் சேர்த்துவிடுவார். காலையில் சாவியைத் திருகும்போது விரல் நுனியில் கரகரவென்று ஒரு அதிர்வு வரும், போகப் போக இறுகும், இறுகினதும் நிறுத்திவிட வேண்டும். வினாடி முள்ளை உற்றுப் பாருங்கள், ஒரு வினாடிக்குள் ஐந்து குட்டி எட்டு வைத்து நகரும். எனக்கு அலுக்காத காட்சி அது.

நான் செவிலியர். கேசியோ எஃப்-91டபிள்யூ டிஜிட்டல் வாட்ச் கட்டுகிறேன், நாடி பார்க்க வசதி. "சின்னப் பிள்ளை வாட்ச்" என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். மாற்றிவிடவா? (திருநெல்வேலி வாசகி)

மாற்றவே மாற்றாதீர்கள் சகோதரி. 1989-ல் வந்த மாடல், இன்னும் கடையில் புதுசாகக் கிடைக்கிறது, வடிவம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. எடை 21 கிராம்தான், ஒரு செல் சுமார் ஏழு வருஷம் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. நேரம் காட்டுவதில் என் ஜனதா இதன் பக்கத்தில்கூட வர முடியாது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத் துண்டு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அது என்ன கணக்கு என்று தோன்றும். அதைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை செய்தால் சரியாக ஒன்று வரும், அதுதான் ஒரு வினாடி. விலை உயர்ந்த குவார்ட்ஸ் வாட்ச் பெரும்பாலானவற்றிலும் இதே எண்தான். நாடி எண்ண வினாடி பளிச்சென்று தெரிய வேண்டும், ஸ்ட்ராப் சோப்புப் போட்டுக் கழுவும்படி இருக்க வேண்டும், இரண்டும் இதில் இருக்கிறது. உங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் வாட்சில் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கிணற்றில் குதிக்கலாமா? (தேனி வாசகர்)

வேண்டாம். அது சோதனைக்கூடத்தில் அசையாமல் கொடுக்கும் தண்ணீர் அழுத்தத்தின் கணக்கு. மழைக்கும் கை கழுவவும் போதும். நீச்சல் என்றால் 100 மீட்டர் போட்டதாக வாங்குங்கள், ஈரக் கையோடு சாவியை மட்டும் இழுக்காதீர்கள்.

ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் டைட்டன் எட்ஜ் வாங்கிக் கொடுத்தார்கள், கட்டியிருப்பதே தெரியவில்லை, அதற்காகவே பிடிக்கும். ஆனால் வினாடி முள் இல்லை. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கோவை வாசகர்)

இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், வேறு வழி இல்லை ஐயா! ஒன்றின் மேல் ஒன்றாக முள் ஏற ஏற உயரம் கூடும், மெல்லிய வாட்ச் செய்கிறவர்கள் முதலில் வினாடி முள்ளில்தான் கை வைப்பார்கள். 2002-ல் எட்ஜ் வந்தபோது மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர், உள்ளே மிஷின் 1.15 மில்லிமீட்டர். டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, தொழிற்சாலை நம்ம ஓசூரில். பிள்ளைகள் நல்லதாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறார்கள்.

எச்.எம்.டி. பைலட் ஆசை எனக்கு. ஆன்லைனில் ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று எல்லா நிறத்திலும் புதுசு போலக் கிடைக்கிறதே, வாங்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

கொஞ்சம் பொறுங்கள். பைலட் என்றாலே பெரும்பாலும் கறுப்பு டயல்தான். நீங்கள் பார்த்தவை பழைய டயலைச் சுரண்டி, மேலே புது பெயின்ட் அடித்து அச்சிட்டவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உள்ளே மிஷின் அசலாகவே இருக்கலாம், அதுவும் நாலு வாட்சிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கி எழுத்தைப் பாருங்கள். "பாரா ஷாக்" (அதிர்ச்சி தாங்கும் என்று அர்த்தம்), "17 ஜூவல்ஸ்" என்ற ஆங்கில எழுத்துகள் அசலில் ஊசி முனையில் எழுதினது போல மெல்லிசாக, நேராக இருக்கும். மறு அச்சில் தடித்து, ஓரம் பிசிறி, சில சமயம் வரியே சாய்ந்து நிற்கும். நிமிடக் கோடுகளுக்கு நேராக முள் நிற்கிறதா என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால், டயல் லேசாகப் பழுப்பேறி, கண்ணாடியில் கீறல் விழுந்த அசலே மேல். கண்ணாடி பிளாஸ்டிக்தான், பாலிஷ் போட்டால் கீறல் போய்விடும், இல்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். டயல் போனால் போனதுதான். வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள், தர மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.