பதில் வரும்படி கடிதம் எழுதுவது: கடலோரத்துக் கேள்விகள்

கீழக்கரையிலிருந்து: ஐடிஐ வெல்டர், மூணு வருச அனுபவம். துபாய் கம்பெனிகளுக்கு "வேலை வாய்ப்புத் தாருங்கள்" என்று நாற்பது மெயில் போட்டாச்சு. ஒன்றுக்கும் பதில் இல்லை, அண்ணே.

தம்பி, வெல்டரைத் தேடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது நீங்கள் எதை, எந்த நிலையில் ஒட்டுவீர்கள் என்பது. அதைத் தலைப்பு வரியிலேயே போடுங்கள்: "பைப் வெல்டர், 6ஜி, ஆர்கான் + ஆர்க், 3 வருடம், 30 நாளில் சேரலாம்". 6ஜி என்பது சாய்த்து நிறுத்திய பைப்பைச் சுற்றிலும் ஒட்டும் தேர்வு நிலை. உள்ளே எத்தனை இஞ்ச் பைப், எந்த எண் வெல்டிங் ராடு (7018 என்றால் 7018), எக்ஸ்ரேயில் தேறிய ஜாயிண்ட் உண்டா என்று எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். 6ஜி தேறாமல் 6ஜி என்று போடாதீர்கள். வேலைக்கு எடுக்குமுன் வைக்கும் செய்முறைத் தேர்வான ட்ரேட் டெஸ்டில் 45 டிகிரி சாய்ந்த பைப்பைக் காட்டி ஒட்டச் சொல்வார்கள், அங்கேயே குட்டு உடையும்.

பாஸ்போர்ட் எந்தத் தேதிவரை செல்லும் என்பதை மட்டும் குறிப்பிடுங்கள், நகல் இப்போது வேண்டாம். இடையில் ஏஜெண்ட் வந்தால் அவர் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். 30,000 ரூபாய், அதற்கான ஜிஎஸ்டி, அதற்கு மேல் வாங்க அவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

மண்டபத்திலிருந்து: கேரள மொத்த வியாபாரிகளுக்கு நெத்திலிக் கருவாடு கொடுக்க ஆசை. "தரமான கருவாடு, குறைந்த விலை" என்று எழுதினால் போதுமா?

போதாதும்மா. 'தரம்' என்ற சொல்லுக்குக் கிலோ விலை கிடையாது. உப்புப் போட்டதா போடாததா, மணலில் காய்ந்ததா, தளத்திலா, வலைப் பரணிலா, மூட்டை எத்தனை கிலோ, வாரத்துக்கு எத்தனை மூட்டை என்று எழுதுங்கள். விலையோடு இடமும் நாளும் வேண்டும்: "மண்டபத்தில் லாரியில் ஏற்றி, கிலோ இவ்வளவு, 7 நாள்வரை". நாள் போடாவிட்டால் இரண்டு மாதம் கழித்தும் அதே விலைக்குச் சரக்குக் கேட்பார்கள்.

எல்லாரும் விடுகிற ஒன்று, எடை. காய்ச்சல் குறைந்த சரக்கு வழியிலேயே எடை இழக்கும். இறக்குகிற இடத்துத் தராசு குறைத்துக் காட்டும், சண்டை வரும். எந்த ஊர்த் தராசு எடைக்குப் பணம் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீனை நம்பி எத்தனை மூட்டை தர முடியும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கையெழுத்துக்குக் கீழே 14 இலக்க உணவு உரிம எண்.

சாயல்குடியிலிருந்து: முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு இருப்பதைக் கடிதத்தில் போடலாமா?

2023-ல் கிடைத்தது என்ற செய்தியை எழுதலாம். ஆனால் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயர் பதிவாகாமல் அந்த முத்திரையைச் சரக்கில் போடாதீர்கள். அதைவிடக் காம்போடா, காம்பு கிள்ளியதா என்பதுதான் வாங்குகிறவருக்கு முக்கியம். கால் கிலோ மாதிரி அனுப்புங்கள். பொறுக்கி எடுக்காமல், மூட்டைக்குள் கைவிட்டு அள்ளியதாக இருக்கட்டும். மாதிரி சிவப்பாகவும் சரக்கு வெளுத்தும் இருந்தால் லாரி திரும்பி வரும், வாடகை உங்கள் தலையில்.

தொண்டியிலிருந்து: பதில் வராவிட்டால் எத்தனை தடவை கேட்கலாம்?

ஒரு வாரம் கழித்து, அதே மெயிலின் கீழேயே இரண்டு வரி. இன்னும் பத்து நாள் பார்த்து, புது விலையோ புதுச் சான்றிதழோ கையில் இருந்தால் மட்டும் இன்னொரு முறை. அதோடு விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பிடிஎஃப், அதற்கு உங்கள் பெயரும் தொழிலும் கோப்புப் பெயராக. குரல் பதிவு வேண்டவே வேண்டாம்.