நான்காவது குவார்ட்டருக்குக் கால்கள் வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கால்பந்து

என் மகன் பள்ளி அணியில் டிஃபென்சிவ் எண்ட் ஆடுகிறான். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே கோச் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசுவதில்லை. பெரிய அணிகளிலும் இப்படித்தான் செய்வார்களா?
– ஒரு தாய், நியூ ஜெர்சி

ஆமாம் சகோதரி, அங்கேயும் இப்படித்தான். இன்னும் கறாராகவே செய்வார்கள். ஃபிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு பள்ளியில் மாலை வேளைகளில் டிஃபென்சிவ் லைன் எனும் தடுப்பு முன்வரிசையில் ஆடும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் மகனின் கோபத்தை வாரம் தவறாமல் பார்ப்பவன் நான். அப்படிக் கோபித்துக்கொள்ளும் பையன்களை எனக்குப் பிடிக்கும், ஆட வேண்டும் என்ற ஆசைதானே அது. அவர்களிடம் நான் சொல்வது பிராண்டன் கிரஹாமைப் பற்றி.

2010 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில், ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் 13ஆவதாகத் தேர்ந்தெடுத்த ஆள் கிரஹாம். முதல் சில வருடங்கள் காயமும் ரசிகர்களின் ஏச்சுமாகப் போயின. அதையெல்லாம் தாண்டி அணியின் தூணாக நின்றார். 2021 செப்டம்பரில் குதிகால் தசைநார் அறுந்து அந்த சீசனே போய்விட்டது. 2022-ல் திரும்பியபோது வயது 34. முதல் வரிசையில் அவர் இடத்தில் ஹாசன் ரெடிக்கும் ஜாஷ் ஸ்வெட்டும் இருந்தார்கள். கிரஹாம் மாற்று ஆளாக இறங்கி, கொஞ்ச நேரம் ஆடி, மூச்சு வாங்குமுன் வெளியே வந்துவிடுவார். அந்த வருடம் அவர் 11 சாக் எடுத்தார். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைத் தரையில் சாய்ப்பதைத்தான் சாக் என்கிறோம். முழுநேரமும் ஆடிய எந்த வருடத்திலும் கிரஹாம் இரண்டு இலக்கத்தைத் தொட்டதில்லை.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். கோச்சிடமும் ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள்: "எந்த நேரத்துக்காக இவனைச் சேமிக்கிறீர்கள்?" நல்ல கோச்சிடம் அதற்குப் பதில் இருக்கும்.

ஒரு ஆட்டம் ஐந்தாறு வினாடியில் முடிந்துவிடுகிறது. பிறகு நிற்கிறார்கள், பேசுகிறார்கள். இதில் என்ன களைப்பு? அதுவும் எதிரே நிற்கும் ஆஃபென்சிவ் லைன்காரர்கள் ஐந்து பேரும் கடைசி வரை மாறுவதே இல்லையே?
– ஒரு வாசகர், சென்னை

கேள்வியின் இரண்டாம் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்சிவ் லைன் ஐவரும் ஒருவர் அசைவை இன்னொருவர் அறிந்து நகர வேண்டியவர்கள். இடையில் ஒரு புது ஆள் வந்தால் அந்த இசைவு கெடும். பந்து எப்போது கிளம்பும் என்பதும் அவர்களுக்கு முன்பே தெரியும். டிஃபென்சிவ் லைன்காரனுக்கு அது தெரியாது. பந்து அசைந்ததைக் கண்ட கணத்தில் முழு வேகத்தில் வெடித்துக் கிளம்ப வேண்டும், 140 கிலோ ஆளைக் கையால் பெயர்க்க வேண்டும், பந்து மைதானத்தின் மறு ஓரத்துக்குப் போனால் அங்கேயும் ஓட வேண்டும். பந்து இப்படிக் கிளம்புவதை ஸ்னாப் என்கிறோம், ஒரு மேட்சில் அறுபது, எழுபது ஸ்னாப் வரும். வேகப்பந்து வீச்சாளருக்கு நான்கைந்து ஓவர் கொடுத்துவிட்டுப் பந்தை வாங்கிக்கொள்கிறார்கள் அல்லவா, அதே கணக்குதான்.

களைத்த லைன்காரன் கீழே விழுவதில்லை. அதனால்தான் டிவியில் நமக்குத் தெரிவதில்லை. எடுத்து வைக்கும் முதல் அடி அரை வினாடி தாமதமாகும், இடுப்பு கொஞ்சம் நிமிர்ந்துவிடும். இடுப்பு நிமிர்ந்தவனை யாரும் தள்ளலாம். குவார்ட்டர்பேக்குக்கு அந்த அரை வினாடி போதும்.

2018 பிப்ரவரி 4, மினியாபோலிஸ், சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி. நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அன்று 505 யார்டு எறிந்தார். கடைசி நிமிடங்கள் வரை ஈகிள்ஸ் ஆட்களால் அவரை ஒருமுறைகூடச் சாய்க்க முடியவில்லை. மேட்ச் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், ஈகிள்ஸ் 38–33 என்று முன்னிலை, பந்து பிரேடியின் கையில். வழக்கமாக ஓரத்தில் ஆடும் கிரஹாமை உள்ளே, ஆஃபென்சிவ் லைனில் நடு ஆளுக்கு அடுத்து நிற்கும் கார்டுக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கார்டு ஷாக் மேசனைத் தாண்டிப் போய் பிரேடியின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். அதை எடுத்தது டெரெக் பார்னெட், அப்போதுதான் முதல் வருடம் ஆடிய இளைஞர். ஈகிள்ஸின் முதல் சூப்பர் பவுல் வெற்றி, 41–33. அந்த சீசன் முழுவதும் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ் எட்டுப் பேர் வரை மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார். 2008 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிறிஸ் லாங்கூட அந்த அணியில் மாற்று ஆள்தான். கடைசி நேரத்தில் கிரஹாமின் கால்களில் அந்த வேகம் மிச்சமிருந்ததற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே ஈகிள்ஸ் 2022-ல் 70 சாக் எடுத்தார்கள். ஆனால் சூப்பர் பவுலில் ஒன்றுகூட இல்லை, தோற்றார்கள். ஆள் நிறைய இருந்தும் என்ன பயன்?
– ஒரு வாசகர், டாலஸ்

நியாயமான கேள்வி. என்னை ரொம்ப நாள் உறுத்திய கேள்வியும்கூட.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் ரெடிக் 16, ஹார்கிரேவ், ஸ்வெட், கிரஹாம் தலா 11. ஒரே அணியில் நான்கு பேர் பத்தைத் தாண்டியது அதுவே முதல்முறை. அக்டோபர் கடைசியில் நடுவில் நிற்கும் மலை, ஜோர்டன் டேவிஸ், கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். 150 கிலோவைத் தாண்டிய அந்த உடம்புக்கு மாற்று அணியில் இல்லை. நவம்பர் 14 அன்று வாஷிங்டன் வந்து, பந்தை எறிந்ததைவிட அதிகமாக, 49 முறை தூக்கிக்கொண்டு ஓடியது. 60 நிமிட மேட்சில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. அதுவரை தோற்காத ஈகிள்ஸ் தோற்றது. ஓட்டத்துக்குத் தலா மூன்று யார்டுதான் கொடுத்தார்கள் என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அத்தனை நேரம் மைதானத்திலேயே நிற்கும் லைனுக்குக் கால் எங்கே மிஞ்சும்?

அந்த வாரமே லின்வல் ஜோசஃப், என்டாமுகன் சூ என்ற இரண்டு பழைய ஜாம்பவான்களைக் கூட்டிவந்தார்கள். ஜோசஃபுக்கு 34, சூவுக்கு 35. அதற்கு முன்பே சிகாகோவிலிருந்து நான்காம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து ராபர்ட் க்வின்னை வாங்கியிருந்தார்கள். ஈகிள்ஸுக்காக அவர் ஒரு சாக்கும் எடுக்கவில்லை. ஓட்டத்தை அடைக்க இந்தப் பெரியவர்கள் உதவினார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில், சூப்பர் பவுலில், கேன்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸைத் துரத்த வேண்டியபோது? மைதானம் வழுக்கியது உண்மை, இரு அணிக்கும் வழுக்கியது. 38–35 என்று கேன்சஸ் சிட்டி வென்றது.

பெயர்ப் பட்டியல் நீளமாக இருப்பதை ஆழம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவசரத்துக்கு வாங்கிய ஆழம் ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான். வளர்த்து எடுத்த ஆழம்தான் மேட்சை ஜெயித்துத் தரும். அதற்குச் சான்று இரண்டே வருடத்தில், அதே எதிரணியிடம் கிடைத்தது. 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ், மறுபடி சூப்பர் பவுல். ஈகிள்ஸின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபான்ஜியோ கூடுதல் ஆட்களை அனுப்பும் பிளிட்ஸ் ஒன்றைக்கூடக் கூப்பிடவில்லை. முன்வரிசை நால்வரே போதும் என்று நின்றார். மஹோம்ஸ் ஆறு முறை சாய்ந்தார். முதல் பாதியில் கேன்சஸ் சிட்டி எடுத்தது மொத்தம் 23 யார்டு. 40–22.

சாய்த்தவர்கள் யார் என்று பாருங்கள். ஜாஷ் ஸ்வெட், 2018-ல் நான்காம் சுற்று. பள்ளியில் ஆடும்போதே முழங்கால் நொறுங்கியதால் மற்ற அணிகள் தயங்கிய பையன், அன்று இரண்டரை சாக். மில்டன் வில்லியம்ஸ், 2021 மூன்றாம் சுற்று, இரண்டு. ஜோர்டன் டேவிஸ் ஒன்று. மீதி அரை ஜேலிக்ஸ் ஹண்டுக்கு. கல்லூரியில் முதலில் பின்வரிசையில் சேஃப்டியாக ஆடி, பிறகு உடம்பை ஏற்றி முன்வரிசைக்கு வந்தவர், அது அவருடைய முதல் வருடம். இவர்கள் யாரையும் வெளியிலிருந்து விலைக்கு வாங்கவில்லை.

அப்படியானால் ஒரு அணி எத்தனை பேரை, எப்படிச் சேர்க்க வேண்டும்? பெஞ்சில் உட்காருபவனுக்கு இவ்வளவு செலவு சரியா?
– ஒரு வாசகி, டொராண்டோ

53 பேர் கொண்ட பட்டியலில் ஓரத்து ஆட்களையும் சேர்த்து ஒன்பது, பத்துப் பேராவது முன்வரிசைக்கு வேண்டும் என்பேன். அத்தனை பேரும் ஒரே அச்சாக இருந்தால் பயனில்லை. ஓட்டத்தை மறிக்க நடுவில் அசையாத இருவர், இடுக்கில் புகுந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் போகும் இருவர், ஓரத்தில் வேகமாக வளைந்து வர நால்வர், உள்ளேயும் வெளியேயும் நிற்கத் தெரிந்த ஒருவர். கடைசியாகச் சொன்னவர்தான் கிடைப்பது அரிது.

செலவைப் பொறுத்தவரை, டிராஃப்டில் எடுத்த இளைஞனின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடம், சந்தை விலையில் அது ஒரு சின்னப் பகுதி. ஆகவே ஒவ்வொரு வருடமும் ஒருவரையாவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போது தேவையில்லை என்று தோன்றும் வருடத்திலும். ஈகிள்ஸ் மேலாளர் ஹோவி ரோஸ்மன் 2022-ல் டேவிஸையும், 2023-ல் ஜேலன் கார்ட்டர், நோலன் ஸ்மித் இருவரையும் முதல் சுற்றிலேயே எடுத்தார். அதே 2023-ல் ஏழாம் சுற்றில் மோரோ ஓஜோமோ. முதல் வருடத்தில் அவர் பெயர் பலருக்குத் தெரியாது, 2025-ல் அவர் இல்லாமல் சுழற்சியே இல்லை.

வளர்த்தவர்களை எல்லாம் வைத்துக்கொள்ளவும் முடியாது. சம்பள உச்சவரம்பு விடாது. சூப்பர் பவுல் முடிந்த அடுத்த மாதமே வில்லியம்ஸ் நான்கு வருடம், 10.4 கோடி டாலருக்கு நியூ இங்கிலாந்துக்குப் போனார், ஸ்வெட் அரிசோனாவுக்கு. அந்த இலையுதிர் காலத்தில் ஈகிள்ஸின் ஓரம் மெலிந்தது. ஓய்வை அறிவித்திருந்த கிரஹாமே அக்டோபரில் திரும்பி வந்தார். நவம்பரில் மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து மயாமியிலிருந்து ஜேலன் ஃபிலிப்ஸை வாங்கினார்கள். பயிர் எடுத்த வயலில் அடுத்த விதை போட்டாக வேண்டும், இடைவெளி விட்டால் உடனே தெரியும்.

மிகச் சிறந்த ஆளையும் உட்கார வைக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

எல்லோருக்கும் சமபங்கு என்று யாரும் சொல்லவில்லை. 2024-ல் கார்ட்டர் பெரும்பாலான ஸ்னாப்களில் களத்தில் இருந்தார், டேவிஸ் பாதிகூட இல்லை. கார்ட்டர் போன்றவருக்கு இரண்டு ஸ்னாப் ஓய்வு போதும், அதையும் எதிரணி தன் ஆளை மாற்றும் நேரம் பார்த்துத்தான் கொடுக்க முடியும். அவர்கள் மாற்றினால் நடுவர் பந்தின் மேல் நின்று டிஃபென்ஸுக்கும் நேரம் தருவார். அவர்கள் மாற்றாமல் அவசரமாக அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிட்டால் களைத்தவன் களைத்தபடியே நிற்க வேண்டியதுதான். ஆகவே களைத்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்கும் கோச் தாமதித்துவிட்டார் என்றே அர்த்தம்.

டிவியில் பார்க்கும்போது இந்தச் சுழற்சியை எப்படிக் கவனிப்பது?
– ஒரு வாசகி, மதுரை

பந்தைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். ஈகிள்ஸின் 2024 மேட்ச் ஏதாவது கிடைத்தால், ஸ்னாப்புக்கு முன் முன்வரிசையின் எண்களை மட்டும் படியுங்கள். பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்; முதல் டவுனில் 90ஆம் எண் டேவிஸ் நடுவில் நிற்பார். மூன்றாவது டவுன், எட்டு யார்டு தேவை என்று வந்தால் அவர் பெரும்பாலும் ஓரமாக நடந்து போய்விடுவார், அவர் இடத்துக்கு மெலிந்த, வேகமான ஒருவர் ஓடி வருவார். 98ஆம் எண் கார்ட்டர் அங்கேயே இருப்பார். ஒரு காகிதத்தில் குவார்ட்டர் வாரியாகக் குறித்துக்கொண்டு, மூன்றாம் குவார்ட்டரில் யார் அதிகம் உட்கார்ந்தார், நான்காவதில் யார் குவார்ட்டர்பேக்கைத் தொட்டார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். குறித்ததை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் அதை வைத்தே பேசலாம்.